அட்டில் கண்ட மாற்றங்கள்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் மிகவும் தயங்கினேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டி வருபவன் நான். பேரரசர்களைப் பற்றியும் பெருங்கோயில்களைப் பற்றியும் எழுத வல்லார் நம் காலனியிலேயே பலர் உளர். ஆயினும் சென்ற ஆண்டு என் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் என்னைச் சில நூல்களைத் தேடிப் படிக்க வைத்தது. அதன் பயனையே அன்பர்கள் முன் வைக்கிறேன்.

குவார்ட்டர்ஸ் வாழ்வு என்றும் நிலைப்பதன்று என்று எண்ணி, சேமநிதியிலிருந்து முன்பணம் பெற்றும், வங்கியில் கடன் வாங்கியும், இந்நாகபுரியிலேயே பழைய வீடொன்றை வாங்கினோம். அதன் சமையலறை இருண்டும் சிதைந்தும் கிடந்தது. அதனை இடித்து, இக்காலத்தார் ‘மாடுலர் கிச்சன்’ என்று கூறும் முறையில் புதுக்குவதென முடிவு செய்தோம். அமைத்துத் தருவோரிடம் பேசியவன் நான். படம் பார்த்துத் தேர்ந்தவனும் நான். நிறம் சொன்னவன் என் மகன். கருங்கல் மேடை முப்பத்தாறு அங்குல உயரத்தில் பளபளத்தது. புகை இழுக்கும் பொறி, மேடைமேல் நான்கு கண் கண்ணாடி அடுப்பு, சுவரோடு பதித்த ஓவன் எல்லாம் உயர்ந்த ரகம். பால் காய்ச்சிய நாளில் வந்தோர் எல்லாம் வாயாரப் பாராட்டினர்.

மூன்றாம் வாரம் என் துணைவி வலத்தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் உயரம் ஐந்தடி. மேடைமேல் அடுப்பு, அடுப்பின்மேல் குழம்புப் பாத்திரம் என்று வரும்போது, கரண்டி பிடித்த கை தோளளவுக்கு உயர வேண்டியிருந்தது. மூன்று வாரமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆன செலவை அவள் அறிவாள். என் அன்னையார்தாம் கேட்டார்: “ஏனப்பா, இவ்வளவு பணம் கொட்டினாயே, அங்கே நிற்கப் போகிறவளை ஒரு வார்த்தை கேட்டாயா?”

அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. அடுக்களையின் வரலாற்றைப் புரட்டியபோது, அதே கேள்வி காலந்தோறும் கேட்கப்படாமலே கிடந்ததைக் கண்டேன்.

பாட்டில் வந்த புகை

சமையலறைக்குப் பழந்தமிழர் வழங்கிய பெயர் அட்டில். அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு என்னும் சொல்லும் அதனோடு உறவுடையதே. சங்கப் புலவர் வறுமையைக் காட்ட விழைந்தபோது, சமைத்தலை மறந்து காளான் பூத்த அடுப்பைக் காட்டினர். இன்பத்தைக் காட்ட விழைந்தபோதும் அடுக்களைக்கே வந்தனர். குறுந்தொகையில் புதுமணப் பெண் ஒருத்தி கட்டித் தயிரை விரல்களால் பிசைந்து, தாளிப்புப் புகை கண்களை நிறைக்க, தானே சமைத்துக் கணவனுக்கு இடுகிறாள். ‘இனிது’ என்று அவன் உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறத்து இடைச்சேரியில், மாதரி தந்த இல்லில், கோவலனுக்கு இறுதி உணவு சமைக்கிறாள் கண்ணகி. காய் அரிந்த விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண்ணும் சிவக்கிறது. வைக்கோலில் தீ மூட்டி உதவுகிறாள் ஐயை.

இவை தமிழின் மணிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். சிவந்த கண்களை நம் முன்னோர் கூர்ந்து கண்டனர், அழகுறப் பாடினர். நாமும் அப்பாடல்களைச் சுவைத்து வருகிறோம். அக்கண்களைச் சிவக்கச் செய்த புகையை வெளியேற்றுவது எங்ஙனம் என்று எண்ணியவர் மட்டும் மிகச் சிலரே.

நாகபுரியும் சிகடியும்

நாகபுரிக்கு இருப்புப்பாதை 1867-ஆம் ஆண்டில் வந்தது. 1887-இல் வங்காள நாகபுரி ரயில்வே தோன்றியது. 1929-இல் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் நம்மவர் பலரை வடக்கே கொணர்ந்தது. என் பாட்டனாரும் லோகோ ஷெட் வேலைக்காக அவ்வண்டியில் வந்து இறங்கியவரே. பிரேக் வானில் அவர் ஏற்றி வந்த பொருள்களுள் ஓர் ஆட்டுக்கல்லும் ஓர் அம்மியும் இருந்தன. இந்த ஊரில் கல் கிடைக்காதா என்று உடன் வந்தோர் நகைத்தனராம். “கல் கிடைக்கும், எங்கள் ஊர்க் கல் கிடைக்காது” என்று பாட்டியார் விடையிறுத்தாராம்.

சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள நாடு இது. ஆகவே இங்கே விறகடுப்பின் இடத்தைச் சிகடி பிடித்துக்கொண்டது. இரும்பு வாளியின் உட்புறம் மண் பூசிய கரியடுப்பே சிகடி. விடியற்காலையில் பாட்டியார் அதனை முற்றத்தில் வைத்து வறட்டியிட்டு மூட்டுவார். புகை அடங்கிக் கரி செந்தணலான பின்பே உள்ளே எடுத்து வருவார். மழைக் காலத்தில் முற்றத்துக்குப் போக இயலாது, மூட்டுவதும் உள்ளேதான். புகை அடங்கிய கரியும் தீங்கற்றதன்று. கண்ணுக்குத் தெரியாத, மணமற்ற நச்சுக் காற்று அதிலிருந்து எழுந்தவண்ணம் இருக்கும் என்பதை அக்காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் அறியோம்.

பாட்டியாரின் இருமல் என் இளமையில் வீட்டுக் கடிகாரம் போல் கேட்டுக்கொண்டே இருந்தது. இறுதிக் காலத்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, “இவர் புகை பிடிப்பவரா?” என்று மருத்துவர் கேட்டார். என் தந்தையாருக்குச் சினம் வந்துவிட்டது. மருத்துவர் பொறுமையாக, “வீட்டில் எந்த அடுப்பில் சமைத்தார்கள்? எத்தனை ஆண்டுகள்?” என்று அடுத்து வினவினார். தந்தையார் விடை கூறாமல் தலை குனிந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையால் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் உயிர் நீத்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அந்த எண்ணைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒரே முகம்.

இப்புகைக்கு மாற்றுத் தேடியோரும் உண்டு. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, நமக்கு அருகிலுள்ள வார்தாவின் மகன்வாடியிலிருந்து, 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தி வந்தார். அம்மகன்வாடியின் பெயரைத் தாங்கி, புகைபோக்கிக் குழாயுடன் கூடிய ‘மகன் சூல்ஹா’ 1940-களில் பரவியது. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியறிஞர் 1950-களில் புகையில்லா அடுப்பொன்றை வகுத்து நூலும் எழுதினார். 1983-இல் நடுவண் அரசு சீர்திருத்த அடுப்புத் திட்டத்தை நாடெங்கும் தொடங்கிற்று. ஆனால் நாட்டப்பட்ட அடுப்புகள் பலவும் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன. அவ்வீட்டுப் பானையின் அளவு என்ன, விறகின் நீளம் என்ன, குழாயைத் துப்புரவு செய்வது யார் என்பவற்றைச் சமைப்போரிடம் கேளாமல் நாட்டிய இடங்களில் அவை நிலைக்கவில்லை.

தரையிலிருந்து மேடைக்கு

நகரங்களில் மாற்றம் வேறு வழியாக வந்தது. சுவீடன் நாட்டில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் என்பார் 1892-இல் அமைத்த பிரைமஸ் ஸ்டவ், காற்றடித்து மண்ணெண்ணெயை ஆவியாக்கி நீலச் சுடராக எரித்தது. அதன் வழிவந்த பம்ப் ஸ்டவ்வின் இரைச்சலையும், ஊசியால் அதன் கண்ணைக் குத்தித் துலக்கியதையும் நம்முள் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

1955-இல் பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனியார் சமையல் எரிவாயுவை விற்கத் தொடங்கினர். 1965 அக்டோபர் 22-இல் கல்கத்தாவில் முதல் இண்டேன் இணைப்பு வழங்கப்பட்டது. பின்னும் பல்லாண்டுகள் மனுக் கொடுத்துக் காத்திருந்தே இணைப்புப் பெற வேண்டியிருந்தது. 2016 மே 1-இல் உத்தரப் பிரதேசத்துப் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் வழியாகவே ஏழை மகளிர் பலரின் குடிசைகளுக்கு அச்செந்நிறக் கலன் சென்றது.

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எரிவாயு வந்த நாளில் என் அன்னையார் கையை முழு நீளத்துக்கும் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு தீக்குச்சி கொளுத்தினார். அன்று நிகழ்ந்த பெரிய மாற்றம் நெருப்பில் மட்டும் அன்று. கலனைவிட அடுப்பு உயரத்தில் இருத்தல் வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதனால் அடுப்பு தரையைவிட்டு மேடை ஏறியது. தலைமுறை தலைமுறையாகக் குந்தியிருந்து சமைத்தவர் எழுந்து நின்றார். அம்மேடையின் உயரத்தை வகுத்தவர் கொத்தனார். சமைப்பவரின் உயரத்தை யாரும் அளந்ததாக நினைவில்லை.

இஞ்சினின் உடன்பிறப்பு

நம்மைப் போன்ற ரயில்வேக் குடும்பத்தார் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. பிரெஞ்சு நாட்டவரான டெனிஸ் பாப்பின் 1679-இல் லண்டனில் ஒரு கலத்தைச் செய்தார். இறுக மூடிய பாத்திரத்தில் நீராவியை அடைத்து, எலும்பையும் மென்மையாகும்படி வேகவைத்தார். கலம் வெடித்துவிடாதிருக்க, அளவு மிஞ்சிய ஆவியை வெளிவிடும் பாதுகாப்பு வால்வையும் பொருத்தினார். 1682-இல் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு அக்கலத்தில் சமைத்து விருந்தும் படைத்தார். அடைபட்ட ஆவியின் ஆற்றலைக் கண்ட அவரே, 1690-இல் நீராவியால் உந்துதண்டை இயக்கலாம் என்று எழுதினார். பின்வந்தோர் பலரின் உழைப்பால் நீராவி இஞ்சின் பிறந்தது. ஆகவே குக்கர் மூத்தது, இஞ்சின் இளையது.

நம் நாட்டில் ஹாக்கின்ஸ் கம்பெனி 1959-இல் தோன்றியது. அதே காலத்தில் டி.டி.கே. நிறுவனத்தாரின் பிரெஸ்டிஜ் குக்கரும் பரவலாயிற்று. சாதாரணப் பாத்திரத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். குக்கருக்குள் வெப்பம் 120 பாகையை நெருங்கும். ஆதலின் பருப்பு விரைவில் வெந்துவிடுகிறது. முதல் நாள் அது சீறியபோது பாட்டியார் அடுக்களையைவிட்டு வெளியே ஓடிவிட்டாராம். லோகோ ஷெட்டில் உழைத்த பாட்டனார், “அஞ்சாதே, இதுவும் நம் இஞ்சின்தான், வால்வு சுத்தமாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது” என்று தேற்றினாராம். அவ்வறிவுரை இன்றும் பொருந்தும்.

உணவு வண்டியிலிருந்து ஓர் அடுக்களை

இன்று நாம் ‘மாடுலர்’ என்று கூறும் அமைப்புக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு இன்னும் நெருங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. நகராட்சி ஆயிரக்கணக்கான சிறு வீடுகளைக் கட்ட முற்பட்டது. அவற்றுக்குரிய சமையலறையை 1926-இல் வகுத்தவர் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரிய நாட்டுக் கட்டடக் கலைஞர். அவர் முன்மாதிரியாகக் கொண்டவற்றுள் ஒன்று ரயில் வண்டியின் உணவுப் பெட்டி. குறுகிய இடத்தில் சிலர் நின்று பலருக்குச் சமைத்துப் பரிமாறுவதை அவர் கண்டார். நம் பேண்ட்ரி காரைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர்.

ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உடையது அவர் வகுத்த அறை. சாளரத்தின் அருகே வேலை மேசை, சுழலும் நாற்காலி, அரிசி முதலியவற்றை இட்டு வைக்கப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் அது அமைந்தது. அதனை வகுக்கும்வரை தாம் வீட்டில் சமைத்தவரல்லர் என்று அவ்வம்மையாரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அறியாததை அறிய, ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தையும் அடிகளையும் அளந்து பார்த்தார். அந்த உழைப்பே அவர் வெற்றிக்குக் காரணம்.

குறையும் இருந்தது. அறை ஒருவருக்கே போதுமானது. தாயும் மகளும் சேர்ந்து நிற்க இடமில்லை. விளையாடும் குழந்தையைக் கண்பார்வையில் வைத்துச் சமைப்பதும் கடினம். பெண்ணின் சுமையைக் குறைக்க எண்ணிய அறை, அவளைத் தனியே அடைக்கவும் செய்தது. அடிகளை அளக்கலாம், உடனிருப்போரின் தேவையை அளவுகோலால் அளக்க இயலாது.

அரைத்த கைகள் கேட்டவை

கேட்டுச் செய்ததால் நிலைத்தவற்றையும் கூறவேண்டும். அமெரிக்க நாட்டு இல்லினாய் மாநிலத்தில் ஜோசபின் காக்ரேன் என்னும் அம்மையார், தம் பீங்கான் தட்டுகள் கழுவும்போது உடைவதைப் பொறுக்கமாட்டாமல், பாத்திரம் துலக்கும் பொறியைத் தாமே வகுத்து 1886-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய டிஷ்வாஷருக்கு அதுவே முன்னோடி.

நம் அரைவையின் கதை இதனினும் அண்மையது. வெளிநாட்டுக் கலவைப் பொறிகள் பழச்சாற்றுக்கு ஏற்றவை. உளுந்தும் மஞ்சளும் கொப்பரையும் போட்டால் அவற்றின் மோட்டார் கருகிவிடும். அவ்வாறு கருகியதொரு பொறியைச் சுட்டி, “நம் சமையலுக்கு ஏற்றதொன்று செய்து தாருங்கள்” என்று மாதுரி மாத்தூர் என்னும் அம்மையார் தம் கணவரும் பொறியாளருமான சத்ய பிரகாஷ் மாத்தூரிடம் கேட்டார். அதன் விளைவே 1963-இல் பம்பாயில் தொடங்கிய முயற்சியும், பின்னர் நம் வீடுதோறும் முழங்கிய ‘சுமீத்’ மிக்ஸியும்.

கோயம்புத்தூரில் 1955-இல் பி. சபாபதி என்பார் ஆட்டுக்கல்லை மின்சாரத்தால் சுழல வைத்தார். கையால் ஆட்டும்போது குழவி சுழலும், கல் அசையாது. கிரைண்டரில் கல்லே சுழலும். ஊத்துக்குளிப் பகுதிக் கருங்கல் அதற்குப் பேர் பெற்றது. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்பது இன்று புவிசார் குறியீடு பெற்ற பெயர். 2011-இல் தமிழ்நாட்டு அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் குடும்பங்களுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் செல்வர் வீட்டுப் பொருளாக இருந்தது, அன்றாடத் தேவை என்று ஏற்கப்பட்டதற்கு அதுவே சான்று.

புதுக்குவோர் எண்ணத்தக்கவை

எங்கள் மேடையை மீண்டும் உடைத்தோம். இம்முறை அளவு எடுத்தது துணைவியின் முழங்கையிலிருந்து. நேராக நின்று முழங்கையை மடக்கினால் வரும் உயரத்தைவிட நான்கு அல்லது ஐந்து அங்குலம் தாழ்வாக மேடை இருந்தால் காய் அரிவது எளிது. அடுப்பு வைக்கும் பகுதி இன்னும் சற்றுத் தாழலாம். அவளுக்கு அது முப்பத்திரண்டு அங்குலத்தில் முடிந்தது. உடைத்த கூலியும் புதுக் கல்லின் விலையும் நான் கேளாமல் விட்ட ஒரு கேள்விக்குக் கட்டிய அபராதம்.

உயர்ந்த விலைப் பொருள்கள் வாங்குவோர்க்கு, பட்டறிவால் கண்ட சிலவற்றைக் கூறுகிறேன். புகை இழுக்கும் பொறியின் ஆற்றலைவிட அதன் குழாய் செல்லும் வழி முதன்மையானது. வளைவு மிகுந்தால் இழுப்பு குறையும். புகையை வெளியே தள்ளாமல் வடிகட்டி மட்டும் அறைக்குள்ளேயே விடும் வகை, அன்றாடம் தாளிக்கும் நம் வீட்டுக்குப் போதாது. இண்டக்ஷன் அடுப்பு வாங்குமுன் ஒரு காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பாத்திர அலமாரிக்குச் செல்லுங்கள். காந்தம் ஒட்டாத பித்தளையும் அலுமினியமும் சாதாரண இண்டக்ஷனில் பயன்படா. பாட்டி தந்த ஈயச் சொம்பை எதன்மேல் வைத்தாலும் நீரின்றி வைக்கலாகாது. 232 பாகையில் அது உருகிவிடும். ஓவனுக்கும் டிஷ்வாஷருக்கும் 16 ஆம்பியர் தனி இணைப்பும் நல்ல எர்த்தும் வேண்டும். பழுது பார்ப்போர் இவ்வூரில் உளரா என்பதை விலையைக் கேட்குமுன் கேளுங்கள்.

யாவற்றினும் முதலாக, அங்கு நிற்பவரைக் கேளுங்கள். அவர் மனைவியாகவே இருக்க வேண்டும் என்னும் நியதி இல்லை. இப்போது ஞாயிறுதோறும் நானும் அம்மேடையருகே நிற்கிறேன். எனக்கு அது சற்றுத் தாழ்வுதான், முதுகு வலிக்கிறது. மூன்று வாரம் அவள் தோள் பட்ட பாட்டை அவ்வலி எனக்கு நினைவூட்டுகிறது.

பாட்டனார் கொணர்ந்த ஆட்டுக்கல்லை என்ன செய்வது என்ற வினா எழுந்தது. படம் வரைந்தவர் அதற்கு இடமில்லை என்றார். இம்முறை அன்னையாரைக் கேட்டேன். “அரைக்க வேண்டாம், எனக்கும் கை ஓய்ந்தது. ஆனால் வெளியே எறியவேண்டாம்” என்றார். பால்கனியில் துளசித் தொட்டியின் அருகே அது இருக்கிறது. அதன் குழியில் மழைநீர் தேங்கினால் சிட்டுக்குருவி வந்து குடிக்கிறது. பாட்டியாரின் கை தேய்த்த வழவழப்பு இன்னும் அக்கல்லில் மாறவில்லை.

பிறந்த மண்ணைவிட்டு வந்த நமக்கு, நம் மொழியோடு உடன்வந்தது நம் அடுக்களை. அதில் நிற்போரின் நலம் பேணுதலும் தமிழ்த் தொண்டே ஆகும். சங்கத்தின் இவ்வாண்டு விழாவில் நூற்றுக்கணக்கானோர்க்கு உணவு சமைக்கும் அன்பர்களுக்கு என் வணக்கம். பந்தி முடிந்தபின், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!